மகோந்தோவின் இரண்டு நிறங்கள்

காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலைப் படித்தவர்களிடம் அதில் நினைவில் நிற்பது எது என்று கேட்டால், படுக்கை விரிப்புகளோடு விண்ணுக்கு எழுந்துபோன அழகியைச் சொல்வார்கள். மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளைச் சொல்வார்கள். ஆண்டுக்கணக்கில் ஓயாமல் பெய்த மழையைச் சொல்வார்கள். 1967-இல் புவனோஸ் ஐரிஸ் நகரில் முதற்பதிப்பு வெளிவந்த காலம் முதல் விமரிசகர்களும் பெரும்பாலும் அந்த அற்புதங்களையே வியந்து வந்திருக்கின்றனர். ஆனால் இந்நாவலின் பெரும்பகுதி எந்த அற்புதமும் இல்லாத ஒரு காரியத்தைப் பற்றியது. ஒரு நாட்டை இரண்டே கட்சிகள் தமக்குள் பங்கிட்டுக் கொண்டால், அந்நாட்டு மனிதர்களின் நெஞ்சம் என்ன ஆகிறது என்பதே அது. தமிழிலும் நூலாகக் கிடைக்கும் இந்நாவலின் போர் அதிகாரங்களை நம்மவர்கள் பலர் புரட்டிக்கொண்டு போய்விடுகின்றனர். கத்தோலிக்க வாசகர்களாகிய நாம் அவற்றை நிதானமாகப் படிப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அந்தக் கட்சிச் சண்டையில் திருச்சபை பார்வையாளராக நிற்கவில்லை. ஒரு பக்கத்தில் நின்றது.

கொலம்பியாவின் லிபரல் கட்சி 1848-லும் கன்சர்வேட்டிவ் கட்சி 1849-லும் தோன்றின. முன்னதன் நிறம் சிவப்பு. பின்னதன் நிறம் நீலம். அடுத்த ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நாட்டில் பிறந்த குழந்தை ஏறத்தாழத் தாய்ப்பாலோடு ஏதேனும் ஒரு நிறத்தையும் பெற்று வளர்ந்தது எனலாம். 1899 முதல் 1902 வரை நடந்த 'ஆயிரம் நாள் போர்' அந்நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களில் கொடியது. ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டிருக்கலாம் என்பது வழக்கமான மதிப்பீடு. மார்க்வெஸின் தாய்வழிப் பாட்டனார் அப்போரில் லிபரல் படையில் கர்னலாக இருந்தவர். பேரன் அவருடைய மடியில் கேட்ட கதைகளே நாவலின் கர்னல் அவுரேலியானோ புயெந்தியாவுக்கு வித்தாயின.

நாவலில் கட்சி எப்படி ஊருக்குள் நுழைகிறது என்பதைப் பாருங்கள். மகோந்தோ அரசாங்கமே இல்லாமல் அமைதியாக வாழும் ஊர். ஒருநாள் அப்போலினார் மொஸ்கோத்தே என்பவர் அதிகாரியாக வந்திறங்கி, நாட்டின் விடுதலை நாளைக் கொண்டாட எல்லா வீடுகளுக்கும் நீல வண்ணம் பூசும்படி ஆணை ஒட்டுகிறார். நீலம் ஒரு கட்சியின் நிறம் என்பது ஊராருக்குத் தெரியாது. ஊரை நிறுவிய ஹோசே அர்க்காதியோ புயெந்தியா, அவரவர் விரும்பிய வண்ணமே பூசலாம் என்று அவரோடு ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார். எளிய நிகழ்ச்சிதான். ஆனால் கொள்கைக்கு முன்பே வண்ணம் வந்துவிட்டது என்பதை ஆசிரியர் எவ்வளவு அமைதியாகச் சொல்லிவிடுகிறார்! பின்னர் போர்கள் மாறிமாறி வர, வீடுகள் நீலமாகி, சிவப்பாகி, மீண்டும் நீலமாகி, கடைசியில் இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தை அடைகின்றன.

அடுத்துத் தேர்தல் காட்சி. மொஸ்கோத்தே தம் மருமகனான இளைஞன் அவுரேலியானோவுக்கு இரு கட்சிகளின் வேறுபாட்டை விளக்குகிறார். லிபரல்கள் குருக்களைத் தூக்கிலிட நினைப்பவர்கள், திருமணத்தைச் சர்க்கார் காரியமாக்குபவர்கள், முறைதவறிப் பிறந்த பிள்ளைகளுக்குச் சம உரிமை கேட்பவர்கள். கன்சர்வேட்டிவ்களோ கடவுளிடமிருந்தே அதிகாரம் பெற்றவர்கள், விசுவாசத்தையும் குடும்ப ஒழுக்கத்தையும் காப்பவர்கள். மருமகனுக்கு இதில் ஒன்றுதான் மனத்தில் தைக்கிறது: முறைதவறிப் பிறந்த பிள்ளைகளின் நிலை. மற்றவை கையால் தொட முடியாத விஷயங்கள். அவற்றுக்காக மனிதர் எப்படிப் போருக்குப் போவார்கள் என்று அவன் வியக்கிறான்.

வாக்குப்பதிவுக்கு முன் படைவீரர்கள் வந்து வேட்டைத் துப்பாக்கிகளை மட்டுமல்லாமல் சமையலறைக் கத்திகளையும் பறிமுதல் செய்கின்றனர். இரவில் மாமனும் மருமகனும் டொமினோ ஆடிக்கொண்டிருக்க, வாக்குப்பெட்டியின் முத்திரை உடைக்கப்படுகிறது. சிவப்புச் சீட்டுகளும் நீலச் சீட்டுகளும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. பத்துச் சிவப்புச் சீட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியை நீலமாக மாற்றிவிட்டுப் புதிய முத்திரை இடுகிறார்கள். அந்தப் பத்தும் கூட, எதிர்த்தரப்புக் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பதற்காக! பறித்த கத்திகள் திருப்பித் தரப்படவில்லை. லிபரல்கள் போருக்கு ஆயத்தமானதற்குச் சான்றாக அவை தலைநகருக்குப் போகின்றன. காய்கறி நறுக்கும் கத்தி குற்றப்பத்திரிகையில் ஏறும் இந்த இடத்தில் ஆசிரியர் குரலை உயர்த்தவே இல்லை. கண்டனக் கட்டுரை ஒன்று பத்துப் பக்கத்தில் செய்ய முடியாததை ஒரு கத்தி செய்துவிடுகிறது.

இதிலிருந்து நாவல் லிபரல் பக்கம் சாய்கிறது என்று எண்ணுவது அவசரம். அவுரேலியானோ போருக்குக் கிளம்பும்போது ஊரைத் தன் அண்ணன் மகன் அர்க்காதியோவிடம் ஒப்படைத்துச் செல்கிறான். சிவப்பு நிறத்தின் ஆட்சி எப்படி இருக்கிறது? பங்குக் குரு நிக்கானோர் வீட்டுக் காவலில் வைக்கப்படுகிறார், திருப்பலிக்குத் தடை, கோவில் மணி லிபரல் வெற்றிகளுக்கு மட்டுமே ஒலிக்கலாம். பாட்டி உர்சுலா சாட்டையை எடுத்துப் பேரனை அடித்துத்தான் கொலைத் தண்டனை ஒன்றை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னரே, விசுவாசத்தைக் காக்க வந்த கன்சர்வேட்டிவ் படைவீரன் ஒருவன் அதே குருவின் மண்டையைத் துப்பாக்கிக் கட்டையால் பிளந்துவிட்டான் என்பதையும் மறக்க வேண்டாம். பின்னொரு கட்டத்தில் கோவில் கோபுரத்தைப் பீரங்கியால் இடித்தது 'விசுவாசப் பாதுகாவலர்' படை. அதைப் பழுதுபார்க்க ஆணையிட்டது நாத்திகர் என்று ஏசப்பட்ட லிபரல் தரப்பு. நோய்ப்படுக்கையில் கிடக்கும் நிக்கானோர் அடிகளே இந்த முரணைச் சொல்லித் தலையில் அடித்துக் கொள்கிறார்.

இருபது ஆண்டுப் போரின் முடிவில் ஆறு வழக்கறிஞர்கள் கட்சித் தலைமையின் தூதுவர்களாகக் கர்னலிடம் வருகிறார்கள். என் பார்வையில் நாவலின் அரசியல் மையம் இந்தச் சில பக்கங்களே. அவர்கள் மூன்று கோரிக்கைகளைக் கைவிடச் சொல்கிறார்கள். நிலவுடைமைப் பத்திரங்களை மறுபரிசீலனை செய்வதை விட வேண்டும். அப்போதுதான் லிபரல் நிலப்பிரபுக்கள் திரும்பி வருவார்கள். குருக்களின் செல்வாக்கை எதிர்ப்பதை விட வேண்டும். கத்தோலிக்க மக்களின் ஆதரவு கிட்டும். முறைதவறிப் பிறந்த பிள்ளைகளுக்குச் சம உரிமை என்பதை விட வேண்டும். குடும்பங்களின் மானம் காக்கப்படும். அப்படியானால் இனி நாம் போராடுவது அதிகாரத்திற்காக மட்டுமே என்று புரிந்துகொண்ட கர்னல், சிரித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார். இது துரோகம் என்று சொன்ன நெடுநாள் தோழன் ஹெரினெல்டோவுக்கு மரண தண்டனை விதிக்கிறார். (பிறகு அது நிறைவேறவில்லை என்பது வேறு கதை.)

இரு கட்சியினருக்கும் மிஞ்சியுள்ள ஒரே வேறுபாடு திருப்பலிக்குப் போகும் நேரந்தான் என்று முதுமையில் கர்னல் எள்ளி நகையாடுவார். மேற்கோள் காட்டிக் காட்டித் தேய்ந்துபோன இந்தக் கேலியை நம்மவர்களும், "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்ற அலுப்புக்குச் சான்றாக எடுத்துச் சொல்வதுண்டு. அது தவறான வாசிப்பு. நாவலின்படி தொடக்கத்தில் வேறுபாடு இருந்தது. நிலமற்றவனுக்கும் தகப்பன் பெயரற்ற பிள்ளைக்கும் அது வாழ்வா சாவா என்ற வேறுபாடு. அதை ஆறு கனவான்கள் ஒரு பிற்பகலில் விற்றுவிட்டார்கள். விற்ற பின்னரும் பகை மட்டும் குறையவில்லை. பொருள் போனபின் பெயருக்காகச் சண்டையிடுவது எளிதாகவும் இருக்கிறது. உன்னைப் போல் எதற்கென்று தெரியாமல் ஒரு கட்சிப் பெயருக்காகச் சண்டையிடுவதை விடத் தன் செருக்குக்காகச் சண்டையிடுவதே மேல் என்று கர்னல் தோழனிடம் முன்பே சொன்னது இங்கே பொருள் பெறுகிறது.

நாவல் எழுதப்பட்ட காலத்தையும் இங்கே கருத வேண்டும். 1948 ஏப்ரல் 9 அன்று போகோட்டாவில் லிபரல் தலைவர் ஹோர்ஹே எலியேசர் கய்த்தான் சுட்டுக் கொல்லப்பட்டபின் நாடெங்கும் மூண்ட கொலைவெறியில் ஏறத்தாழ 2,00,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுவார்கள். ஸ்பானிய மொழியில் அக்காலத்தின் பெயரே 'வன்முறை'. அதை நிறுத்தக் கட்சித் தலைவர்கள் கண்ட வழி 'தேசிய முன்னணி'. 1958 முதல் 1974 வரை குடியரசுத் தலைவர் பதவி முறைவைத்து மாறும். மற்றப் பதவிகள் பாதிக்குப் பாதி. கொலைகள் தணிந்தன. ஆனால் மூன்றாவது குரலுக்கு அந்த வீட்டில் நாற்காலி போடப்படவில்லை. பங்காளிகள் சமாதானமாகிச் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள், வேலைக்காரனைக் கேட்கவில்லை. மார்க்வெஸின் மூத்த மகனுக்குத் திருமுழுக்குக் கொடுத்த குரு கமிலோ தொர்ரெஸ் குருத்துவப் பணியை விட்டுக் கெரில்லாக்களோடு சேர்ந்து 1966 பிப்ரவரியில் கொல்லப்பட்டது இந்த ஏற்பாட்டின் நடுவில்தான். அடுத்த ஆண்டு நாவல் வந்தது. திருப்பலி நேரத்தைப் பற்றிய அந்தக் கேலியில் 19-ஆம் நூற்றாண்டின் நெடியை விட 1967-இன் நெடியே மிகுதி.

இனி நமக்கு நெருடலான பகுதிக்கு வருவோம். நாவலில் வரும் குருக்கள் அனைவரும் வேடிக்கை மனிதர்கள். ஒருவர் ஒரு கோப்பைச் சாக்லேட் பானம் அருந்தித் தரையிலிருந்து சற்றே மேலெழும்பிக் கோவில் கட்ட நன்கொடை திரட்டுகிறார். கட்சிக்காகப் பிரசங்கத் தொட்டியில் ஏறி முழங்கும் குரு ஒருவரும் நினைவில் நிற்கவில்லை. இதை நம்மவர்கள் சிலர் குருத்துவத்தின் மீதான இழிவு என்பார்கள். எனக்கோ இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆசிரியர் நம்மிடம் கருணை காட்டிவிட்டார். வரலாறு அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

பாஸ்தோ மறைமாவட்ட ஆயராக 1896 முதல் பணியாற்றியவர் எசெக்கியேல் மொரேனோ. ஸ்பெயினில் பிறந்து, பிலிப்பைன்சில் மறைபரப்பி, கொலம்பியாவுக்கு வந்த அகுஸ்தீன் சபைத் துறவி. எளிமையும் செபமும் நிறைந்த வாழ்க்கை. புற்றுநோயின் கொடும் வேதனையைப் பொறுமையோடு ஏற்று 1906-இல் இறந்தார். இன்றும் புற்றுநோயாளர் அவருடைய பரிந்துரையை நாடுகின்றனர். 1992 அக்டோபர் 11 அன்று சாந்தோ தொமிங்கோ நகரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதே மனிதர், தம் அடக்கச் சடங்கின்போது 'லிபரலிசம் பாவம்' என்று பொறித்த பெரிய பதாகையைத் தொங்கவிட வேண்டும் என்று மரண சாசனத்தில் எழுதி வைத்தார். சார்தா இ சால்வானி என்ற ஸ்பானியக் குரு 1884-இல் வெளியிட்ட நூலின் பெயர் அது.

அவர் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கொலம்பிய லிபரல் அரசுகள் இயேசு சபையினரை இருமுறை நாடு கடத்தியிருந்தன. 1861-இல் திருச்சபைச் சொத்துகளைப் பறித்தன. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் 1864-இல் வெளியிட்ட தவறுகளின் தொகுப்பில் லிபரலிசமும் கண்டிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஐரோப்பியத் தத்துவம் ஒன்றைக் கண்டித்த சொல்லை எடுத்து, ஞாயிறுதோறும் கோவிலுக்கு வந்து மண்டியிடும் கொலம்பியக் குடியானவன் ஒருவனின் நெற்றியில் ஒட்டியதுதான் பிழை. அவன் தத்துவம் படித்து லிபரல் ஆகவில்லை. தகப்பன் லிபரல், அதனால் அவனும் லிபரல். ஆயிரம் நாள் போரின் தளபதியும், நம் கர்னலுக்கு முன்மாதிரி என்று கருதப்படுபவருமான ரஃபாயேல் உரிபே உரிபே, கொலம்பிய லிபரல் அரசியல் ஏன் பாவமன்று என விளக்கி 1912-இல் ஒரு நூலே எழுதினார். 1914-இல் போகோட்டாவில் அவர் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார்.

வியப்பு என்னவெனில், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1882-லேயே ஸ்பானிய ஆயர்களுக்கு எழுதிய மடலில், மறையை ஒரு கட்சியோடு ஒன்றாக்கி, மாற்றுக் கட்சியினர் கத்தோலிக்கப் பெயரையே துறந்தவர்கள் எனக் கருதுவது தவறு என்று எச்சரித்திருந்தார். மருந்து கைவசம் இருந்தது. ஆனாலும் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சாந்தா ரோசா தே ஓசோஸ் ஆயர் புயிலெஸ் போன்றோரின் மேய்ப்புப்பணி மடல்கள், நல்ல கத்தோலிக்கர் லிபரலாக இருக்க முடியாது என்றே முழங்கின. தலைமையில் இருந்த பேராயர் பெர்தோமோ குருக்களைக் கட்சி அரசியலிலிருந்து விலக்க முயன்றபோது கன்சர்வேட்டிவ்கள் அவரையே தூற்றினார்கள்.

மறுபக்கமும் உண்டு. கய்த்தான் கொல்லப்பட்ட மறுநாள், 1948 ஏப்ரல் 10 அன்று, அர்மேரோ ஊரின் பங்குக் குரு பேத்ரோ மரியா ராமிரெஸ் லிபரல் கும்பலொன்றால் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். கோவிலில் ஆயுதம் ஒளித்து வைத்திருப்பதாக வதந்தி. தப்பியோடும்படி கன்னியர் மன்றாடியும் அவர் தம் மக்களை விட்டுப் போகவில்லை. 2017 செப்டம்பர் 8 அன்று வில்யாவிசென்சியோவில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை அருளாளராக உயர்த்தினார். குத்தியவர்கள் யார்? அவரிடமோ அவருக்கு முன்னிருந்தவரிடமோ திருமுழுக்குப் பெற்றவர்களாகவே பெரும்பாலும் இருந்திருப்பார்கள். பாவிகள் என்று மேடையிலிருந்து அரை நூற்றாண்டு கேட்டவர்கள், மேடையின் மீது நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. ஆனால் விலை கொடுத்தவர், அந்த மேடையில் யார் என்ன சொன்னார் என்பதற்குப் பொறுப்பில்லாத ஒரு கிராமத்துக் குரு. புனிதர் எசெக்கியேலையும் அருளாளர் பேத்ரோ மரியாவையும் ஒரே பீடத்தில் வைத்து வணங்கும் திருச்சபை, அந்தப் பதாகையை என்ன செய்வது என்று இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. புனிதம் என்பது அரசியல் தீர்ப்பில் பிழையாமை அன்று என்று மறைக்கல்வி சொல்லித்தரும். அது சரியான பதில்தான். போதுமான பதிலா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

நமக்குப் பெருமை தரும் ஒரு பெயரும் இதில் உண்டு. தொலிமா மாநிலத்தின் லிபானோ பங்கில் பணியாற்றிய ஹெர்மான் குஸ்மான் அடிகளார் 1958-இல் வன்முறையை ஆராய அரசு அமைத்த குழுவில் இடம்பெற்று, ஊர் ஊராகப் போய்ச் சாட்சியங்களைத் திரட்டினார். அவரும் சமூகவியலாளர் ஓர்லாந்தோ ஃபால்ஸ் போர்தாவும் சட்ட அறிஞர் எதுவார்தோ உமாஞ்ஞா லூனாவும் சேர்ந்து 1962-இல் வெளியிட்ட ஆய்வுநூலை இரு கட்சிப் பத்திரிகைகளும் சீறி வரவேற்றன. இரு தரப்பின் பிணங்களையும் ஒரே ஏட்டில் எழுதியதே அவர் செய்த குற்றம்.

பிணங்களை எண்ணுவது வேறு, நாவல் எழுதுவது வேறு என்பதையும் மார்க்வெஸ் அறிந்திருந்தார். வன்முறைக் காலத்து நாவல்கள் வெட்டுண்ட உடல்களின் பட்டியலாகிவிட்டன, இலக்கியம் இருப்பது அஞ்சி வியர்த்தபடி உயிரோடிருந்தவர்களிடம் என்று 1959-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதனால்தான் கர்னல் நடத்தித் தோற்ற 32 கிளர்ச்சிகளில் ஒன்றுகூட நாவலில் முழுமையாக வர்ணிக்கப்படவில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. நாவலில் தளபதிகள் உண்டு, தூதுவர்கள் உண்டு, தாய்மார் உண்டு. சாதாரணக் கட்சிக்காரன் இல்லை. கட்சியால் ஒரு வேலையும், சாவுக்கு நாலு பேர் தோளும், தேர்தல் நாளில் ஒரு மரியாதையும் பெற்ற அந்த ஏழையின் பற்று வெறும் மூடத்தனம் அன்று. அவனுக்குள் போய்ப் பார்க்க மார்க்வெஸ் விரும்பவில்லை. கட்சிப் பற்று ஏன் இவ்வளவு நீடிக்கிறது என்ற வினாவுக்கு நாவல் பாதி விடையே தருவதற்கு இதுவே காரணம்.

மீதி விடையைத் தேடினால் கன்சர்வேட்டிவ் தளபதி மொன்காதாவிடம் போக வேண்டும். போர் ஓய்ந்த நாள்களில் அவரும் கர்னலும் சதுரங்கம் ஆடி, ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைத்து, இரு கட்சிகளின் எளிய மக்களையும் ஒன்றுசேர்த்துப் படைத்தலைவர்களையும் தொழில்முறை அரசியல்வாதிகளையும் ஒதுக்கிவிடலாமா என்றுகூடப் பேசியவர்கள். மகோந்தோவின் தலைவராக வந்த மொன்காதா சீருடையைக் களைந்து, படைவீரர்களை நீக்கி ஆயுதமற்ற காவலரை அமர்த்தி, பள்ளியைச் சீராக்கி, ஊரை மீண்டும் மனிதர் வாழும் இடமாக்குகிறார். ஊர் வீழ்ந்ததும் கர்னல் அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துகிறார். ஊர்த் தாய்மார் ஒவ்வொருவராக வந்து அவருக்காகச் சாட்சி சொல்கிறார்கள். பயனில்லை. சுடுவது நானன்று, புரட்சிதான் என்று கர்னல் நண்பனிடம் சொல்கிறார். கொள்கையின் பின்னால் ஒளிந்துகொள்ளும் அந்தச் சொல்லை மொன்காதா ஏற்கவில்லை. படையாட்களை வெறுத்து வெறுத்து, அவர்களைப் பற்றியே எண்ணி எண்ணி, நீயும் அவர்களைப் போல் ஆகிவிட்டாய் என்கிறார். பின் தம் மூக்குக்கண்ணாடியையும் பதக்கத்தையும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் மனைவியிடம் சேர்க்கும்படி அவரிடமே கொடுக்கிறார். கர்னல் கொண்டுபோகும்போது கைம்பெண் அவரை வாசலுக்குள் விடவில்லை. சில நாளில் அந்த வீடு கர்னலின் ஆட்களால் தீக்கிரையாகிறது.

இனி அந்த மூன்றாவது கோரிக்கை. கர்னலுக்குப் போர்க்காலத்தில் பதினேழு தாய்மாரிடம் பதினேழு ஆண்மக்கள். எல்லாரும் முறைதவறிப் பிறந்தவர்கள். தகப்பன் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்த உரிமை இவர்களுடையதுதான். ஆசிரியர் இதை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. விமரிசகர்களும் அதிகம் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு சாம்பல் புதனன்று அவர்கள் கோவிலுக்குப் போய் நெற்றியில் சிலுவை பெறுகிறார்கள். வீட்டுக்கு வந்து கழுவினால் அழியவில்லை. பின்னர், வாழைத் தோட்டக் கம்பெனிக்கு எதிராகக் கிழவர் ஒரு சொல் சினந்து சொன்னதற்காக, முகம் தெரியாதவர்கள் ஒரே இரவில் பதினாறு பேரை அந்தச் சிலுவையைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். தப்பிய ஒருவன் பல ஆண்டுகளுக்குப் பின் கிழவனாகத் தந்தை வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளிருப்பவர்கள் அவனை அடையாளம் தெரியாமல் துரத்த, அங்கேயே நெற்றியில் குண்டு பாய்ந்து விழுகிறான். அத்தகைய பிள்ளைகளுக்கு வாரிசுரிமையில் முழுச் சமத்துவம் தரும் சட்டம் கொலம்பியாவில் வந்தது 1982-இல்.